சுவருக்கு இருபுறமும் ஒரு சராபாந்து

"பிரிவுக்குக் காரணம் என்ன?" என்று நீதிபதி கேட்டபோது கெர்லிண்டே ஹோப்ஃபர் யோசிக்கவே இல்லை.

"சராபாந்து" என்றாள்.

நீதிபதி ஒரு பெண்மணி. அன்று காலை முழுக்கக் குடிகாரக் கணவர்களின் கதைகளைக் கேட்டுக் களைத்திருந்தவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஃபோல்க்மாரை அருவருப்போடு பார்த்தார்.

"அந்தப் பொம்பளை இதே ஊர்தானா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கெர்லிண்டே சிரிக்கவில்லை.

"பொம்பளை இல்லைங்க. பழைய நடனப் பாட்டு. பாஹ் எழுதினது. மெதுவா, நெஞ்சு நிறைஞ்சு வாசிக்க வேண்டியது. இந்த மனுஷன் அதை ரயிலுக்கு நேரமான மாதிரி விரட்டறார்."

"விரட்டலைங்க" என்று எழுந்தான் ஃபோல்க்மார். "இவதான் அதைப் படுக்கையில போட்டு, போர்வை போத்தி, பக்கத்துல உக்காந்து அழறா. அது நோயாளி இல்லை, நடனம்னு சொன்னேன். அதுக்கு சூப்புக் கரண்டியால அடிச்சா."

"தோள்லதான் அடிச்சேன்" என்றாள் கெர்லிண்டே.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "இதுக்கு மேல விசாரிக்க ஒண்ணும் இல்லை" என்று பிரித்து விட்டார்.

பிரித்தது சட்டம்தான், வீடு பிரிக்கவில்லை. அவர்கள் ஊரான கால்டன்ரோடாவில் அந்த நாளில் வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்தில் இருந்த பருத்த மனிதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கைக்குழந்தையோட மாமியார் வீட்டுச் சமையலறையில படுத்திருக்கிறவங்க வரிசையில நிக்கிறாங்க. பாட்டுக்காகச் சண்டை போட்டவங்களுக்கு நான் எங்கேருந்து வீடு கொடுக்க? போங்க, போய் அனுசரிச்சு இருங்க."

அப்படித்தான் அந்த இரண்டு அறை வீட்டில், விவாகரத்தான பிறகும் அவர்கள் சேர்ந்து இருந்தார்கள். தெருப்பக்க அறை அவளுக்கு. அதில் அவளுடைய பியானோ. முற்றத்துப் பக்க அறை அவனுக்கு. அதில் அவனுடைய ஸ்பினெட் என்ற சின்னத் தந்திப் பெட்டி. நடுவில் ஒரு செங்கல் கனத்தில் சுவர். சமையலறையும் கரியடுப்பும் பொது. தீர்ப்பு வந்த மறுநாள் காலையிலேயே ஃபோல்க்மார் அவளை "நீங்க" என்று அழைக்கத் தொடங்கினான். "உங்க ஊறுகாய் ஜாடி என் தட்டுல இருக்கு. எடுத்துக்கறீங்களா?" பத்து வருஷம் "நீ, வா, போ" என்றிருந்த வாய். அவன் சொன்ன வசவுகளில் எல்லாம் அவளை அதிகம் சுட்டது அந்த மரியாதைதான்.

கெர்லிண்டேயின் அப்பா கூரை வேய்பவர். கூரைக்கான கல் ஓடுகளைச் சுமந்து சுமந்து தோள் ஒரு பக்கம் இறங்கிப் போனவர். பெண்ணுக்குக் கை பெரியது, காது கூர்மை என்று பள்ளியில் சொன்னார்கள். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசு முன்னுரிமை தந்ததால் லைப்ஸிக்கில் இசைக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. அங்கே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் பழைய மரபுக்காரர். பியானோவைப் பாட வைக்க வேண்டும், ஒவ்வொரு சுரமும் அடுத்த சுரத்தின் மடியில் தலை வைக்க வேண்டும் என்பார். காலடியில் இருக்கும் பெடலை மிதித்தால் ஒலி நீண்டுகொண்டே போகுமே, அந்த நீட்சியில் அவள் மயங்கிப் போனாள். மெதுவான பாட்டு என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

ஃபோல்க்மார் அதே கல்லூரியில் ஆர்கன் படித்தான். ஒல்லி, குளிரில் காது சிவக்கும். ஒருநாள் அவளுக்குத் தாள் புரட்ட வந்தவன், வாசித்து முடித்ததும் சொன்னான்: "அழகா இருந்துச்சு. தப்பாவும் இருந்துச்சு." அதுவரை யாரும் அவளிடம் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதில்லை. ஒரு வருஷத்துக்குள் கல்யாணம். அவனுக்குக் கால்டன்ரோடாவின் பெரிய தேவாலயத்தில் இசைப் பொறுப்பு. ஊரார் "காண்டர் ஐயா" என்றார்கள். அவளுக்கு ஊர் இசைப் பள்ளியில் வேலை, "டீச்சரம்மா" ஆனாள்.

அந்தக் காலத்து இசைத் தாளில் சுரங்கள் மட்டும்தான் இருக்கும். வேகமா, மெதுவா, உரக்கவா, மெல்லவா, சேர்த்து வாசிப்பதா, பிரித்து வாசிப்பதா: எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதியவருக்கு அது தேவைப்படவும் இல்லை. சராபாந்து என்று தலைப்பைப் பார்த்ததும் எந்த நடையில் போக வேண்டும் என்பது அவர் ஊரில் எல்லாருக்கும் காலில் இருந்தது. இப்போது ஆடுகிறவர் யாரும் இல்லை, காலும் போயிற்று. வாசிக்கிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்கிற இடத்தில் இரண்டு பேர் இருந்தால் சண்டைதான்.

முதல் சில வருஷம் அந்தச் சண்டை இனித்தது. ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு உருண்டையும் வறுத்த இறைச்சியும் சாப்பிட்டுவிட்டு, ஒரே முக்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து, ஒரே பாட்டை மாறி மாறி வாசித்துப் பார்ப்பார்கள். பக்கத்து ஊரில் ஒரு பாதிரியார் இறந்து, அவர் வைத்திருந்த ஸ்பினெட்டைச் சபையார் ஃபோல்க்மாருக்குக் கொடுத்தார்கள். இறகு நகத்தால் தந்தியைச் சுண்டி ஒலிக்கும் சின்னப் பெட்டி. கெட்டது அன்றுதான். ஒரே மாதத்தில் அவன் மதம் மாறியவன் போலானான். பியானோவில் பாஹ் வாசிப்பதே பொய் என்றான். பெடல் பாவம் என்றான். மெதுவாக வாசிப்பவர்கள் எல்லாரும் தங்கள் சொந்தச் சோகத்தைச் செத்துப்போன மனிதரின் தலையில் கட்டுகிறார்கள் என்றான்.

"உன் கோழிக்கூண்டுல சத்தம் நீளாது. நீளாததால ஓடற. அதுக்குப் பேரு ஞானமா?" என்பாள் அவள்.

"உன் கரடி உறுமிக்கிட்டே இருக்கும். உறுமல் அடங்கற வரைக்கும் காத்திருக்க. அதுக்குப் பேரு ஆழமா?"

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. பாதி உண்மையைப் போலச் சண்டையை வளர்ப்பது வேறில்லை.

ஆளுக்கொரு அறையான பிறகு பேச்சு குறைந்தது, போர் கூடியது. அவள் சராபாந்தைத் தொடங்கினால் அந்தப் பக்கமிருந்து துடைப்பக் கட்டை சுவரில் தட்டும்: அவன் நடையில், டக் டக் டக் என்று. அவள் வேண்டுமென்றே இன்னும் மெதுவாக்குவாள். அவன் ஸ்பினெட்டில் உட்கார்ந்தால் அவள் பெடலை முழுக்க மிதித்து ஒரே ஒரு அடித்தொனியை அறைவாள். சுவர் அதிர்ந்து அவன் தந்திகளும் சேர்ந்து முனகும். கீழ்வீட்டு ஃப்ராவ் நெட்டல்பெக் நெசவாலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவள். காலையில்தான் தூங்க முடியும். ஒருநாள் முடியைச் சுருட்டும் ஊசிகள் தலையில் செருகியபடி மேலே வந்து நின்றாள்.

"ஏன் டீச்சரம்மா, ரெண்டு பேரும் ஒரே பாட்டைத்தானே வாசிக்கிறீங்க?"

"ஆமா."

"அவரு வாசிச்சா கடை மூடறதுக்குள்ள ஓடணும்போல இருக்கு. நீங்க வாசிச்சா சவத்துக்குப் பின்னாடி நடக்கறேன். நடுவுல ஒரு மனுஷி எப்படித் தூங்க?"

கெர்லிண்டே கதவைச் சாத்திவிட்டாள். ஆனால் "சவத்துக்குப் பின்னாடி" என்ற சொல் உள்ளே போய் உட்கார்ந்து கொண்டது. ஃப்ராவ் நெட்டல்பெக்குக்கு ஃபோல்க்மார்தான் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்று முடிவு செய்து, அன்று அவன் பங்கு கரியை அடுப்பில் போடாமல் விட்டாள். அவன் கோட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டான். நன்றி சொன்னான்: "உங்க உபசாரத்துக்கு."

வசந்த கால இசை விழாவுக்கு அந்த வருஷம் கெர்லிண்டேயைக் கூப்பிட்டார்கள். கோட்டைக் கூடத்தில் தனிக் கச்சேரி. கல் சுவர், கல் தரை, அண்ணாந்து பார்க்கிற கூரை. ஒரு இருமல் இருமினால் அது கூடத்தைச் சுற்றி வந்து மறுபடி காதில் விழும். பாஹ்வின் நடனக் கோவை ஒன்றை எடுத்துக்கொண்டாள். அதன் நடுவில் அந்தச் சராபாந்து. கூடத்தில் ஆள் நிறைந்திருந்தது. அவள் தன் அறையில் வாசிப்பதைவிட இன்னும் மெதுவாக வாசித்தாள். இடம் பெரிது, அதனால் பெரிய மூச்சு வேண்டும் என்று நினைத்தாள். பெடலையும் விடவில்லை. முன்வரிசையில் கூட்டுறவுப் பண்ணைத் தலைவரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைதட்டல் நன்றாகவே இருந்தது.

மாவட்டப் பத்திரிகை இசை விமர்சனத்தை ஃபோல்க்மாரிடம் கேட்டிருந்தது அவளுக்குத் தெரியாது. திங்கட்கிழமை ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றபோது முன்னால் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் பத்திரிகையைக் கவுண்டருக்குக் கீழே தள்ளினார். அவள் கையை நீட்டி வாங்கி, நின்றபடியே படித்தாள்.

கோட்டைக் கூடத்தில் சனிக்கிழமை நாம் கேட்டது நடனம் அல்ல, என்று தொடங்கியிருந்தது. நனைந்த துணிகளைக் கொடியில் போட்டு, சொட்டுச் சொட்டாக நீர் வடிவதைக் கேட்டோம். ஒரு சொட்டு விழுந்து அடுத்த சொட்டு விழுவதற்குள் முதல் சொட்டு எதற்காக விழுந்தது என்பதே மறந்து போயிற்று. கலைஞருக்கு நல்ல கைகள் இருக்கின்றன. காதைக் கூடத்தின் பக்கம் திருப்பியிருந்தால் கல் சுவர் அவருக்குச் சொல்லியிருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது அவன் சமையலறையில் ரொட்டியில் பன்றிக் கொழுப்பைத் தடவிக் கொண்டிருந்தான்.

"நனைஞ்ச துணியா?" என்றாள்.

"நல்ல உவமைன்னு ஆசிரியர் சொன்னார்."

"பத்து வருஷம் என் துணியையும் சேர்த்துக் காயப் போட்டவன் நீ. உனக்குத் தெரியும்தான்."

"நீங்க கோபத்துல இருக்கீங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தக் கூடத்துல எதிரொலி அடங்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கை தட்டிப் பாத்தீங்களா? பாக்கலை. வீட்டுலயே முடிவு பண்ணிக்கிட்டுப் போனீங்க."

"பொண்டாட்டியா இருந்தவளை ஊர் பத்திரிகையில போட்டுக் கிழிக்கறியே, வெக்கமா இல்லை?"

"இருந்தவள்னு நீங்களே சொல்றீங்க." அவன் ரொட்டியைக் கடித்தான். "பொண்டாட்டியா இருந்திருந்தா எழுதியிருக்க மாட்டேன். மனசுக்குள்ளேயே வச்சிருந்திருப்பேன். அப்படித்தானே வச்சிருந்தேன்."

அவள் கையில் கரண்டி இல்லாதது அவன் அதிர்ஷ்டம்.

கால்நடை மருத்துவர் ராம்தோர் வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு மாலை ஊர்க்காரர்கள் கூடி வாசிப்பதும் பாடுவதும் வழக்கம். தாழ்ந்த மரக்கூரை, தடித்த விரிப்பு, புத்தக அலமாரிகள். எதிரொலி என்பதே கிடையாது. பிளம் பழக் கேக்கும், அந்த நாளில் அரிதான உண்மையான காப்பியும் கிடைக்கும் என்பதால் யாரும் தவறுவதில்லை. அந்த மாதம் ஃபோல்க்மாரும் வந்திருந்தான்; ஜன்னலோரம் கப்பும் தட்டுமாக உட்கார்ந்திருந்தான். கெர்லிண்டேயின் முறை வந்தது. அவள் பியானோ முன் நின்று எல்லாரையும் பார்த்தாள்.

"சென்ற மாதம் என்னுடைய வாசிப்பைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்" என்று மேடையில் பேசுகிறவர்களைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நான் திருந்திவிட்டேன். இன்று அதே சராபாந்தை நம் காண்டர் ஐயாவின் முறைப்படி வாசிக்கிறேன்."

சிரிப்பு எழுந்தது. அவள் உட்கார்ந்ததும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து முக்காலிக்கு அடியில் மடக்கிக்கொண்டாள். கழுத்தை அவனைப் போலவே நீட்டினாள். முற்றத்துப் பக்க அறையிலிருந்து வருஷக் கணக்கில் அவள் மேல் எறியப்பட்ட அதே நடையில், கோழி கொத்துவது போல், தொடங்கினாள்.

முதல் பகுதி முழுக்கச் சிரித்தார்கள். டாக்டர் ராம்தோர் கேக் புரையேறி இருமினார். அவள் அதே பகுதியைத் திரும்ப வாசித்தாள். இன்னும் கொஞ்சம் கேலி கூட்டலாம் என்று இரண்டாவது எண்ணிக்கையை அவன் எப்போதும் அழுத்துகிற மாதிரி அழுத்தினாள். அப்போதுதான் அது நடந்தது.

அந்த இரண்டாவது எண்ணிக்கையில் யாரோ காலை ஊன்றினார்கள். அவளுக்கு அப்படித்தான் பட்டது. ஒன்றில் எடுத்து, இரண்டில் ஊன்றி, மூன்றில் உடம்பைத் திருப்புகிற ஒருத்தி. இவ்வளவு காலம் அவள் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக அழ வைத்ததில் அந்தப் பெண் நடுவழியில் ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். இப்போது நடந்தாள். சுரக்கூட்டு மாறுகிற இடங்கள் ஒன்றுக்கொன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்திருந்தன. ஒரு வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது காதுக்குத் தெரிந்தது.

ஆனால் அவன் நடையிலும் எல்லாம் சரியில்லை. மேல் சுரத்துக்கும் அடிச்சுரத்துக்கும் இடையே ஓடும் நடுக் குரல் மூச்சு முட்டியது. ஸ்பினெட்டில் அந்தக் குரலைத் தனியாக உயர்த்த வழியில்லை. அதனால் அவனுக்கு அது கேட்டதே கிடையாது. பியானோவில் விரலால் முடியும். பெடல் இல்லாததால் அவள் கட்டைகளை விரலாலேயே பிடித்து வைத்தாள். ஒரு விரல் விடுவதற்குள் இன்னொன்று தொட்டது. நடுக் குரல் மூச்சு விடும் அளவுக்கு, ஒரு மயிரிழை, நடையைத் தளர்த்தினாள். அவனுடையதும் இல்லை, அவளுடையதும் இல்லை. இரண்டாம் பகுதியில் யாரும் சிரிக்கவில்லை. கப்பைக் கீழே வைத்தால் சத்தம் வருமே என்று கையிலேயே வைத்திருந்தார்கள்.

முடித்ததும் கெர்லிண்டேவுக்கு வந்தது மகிழ்ச்சி இல்லை. கடுங்கோபம். கேலி செய்யப் போன இடத்தில், அந்தக் காது சிவந்தவன் பாதி சரி என்பதை ஊர் முன்னால் தன் கையாலேயே நிரூபித்து விட்டாள்.

ஃபோல்க்மாரின் முகம் வெளுத்திருந்தது. கோட்டுகள் மாட்டியிருந்த நடைவழியில் அவளைப் பிடித்தான். தீர்ப்பு வந்த பிறகு அவன் "நீங்க" என்று சொல்ல மறந்தது அன்றுதான் முதல்முறை.

"அது என்னோடது."

"எது?"

"அந்த நடை. என்னோடது. சுவர்ல காது வச்சுத் திருடியிருக்க."

"சுவருக்குக் காது வேணாம். மெல்லிசு. நீ தட்டின தட்டுல இன்னும் மெல்லிசாயிடுச்சு."

"கேலின்னு சொல்லிட்டு வாசிச்ச. எல்லாரும் உன்னைப் பாராட்டறாங்க. எனக்கு என்ன பேரு?"

"உன்னோட நடையில நடுக் குரல் செத்துக் கிடந்துச்சு. நான் தூக்கி நிறுத்தினேன். உன் கோழிக்கூண்டுல அதைச் செஞ்சு காட்டு, பேரு தரேன்."

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். அது ராம்தோரின் தொப்பி. மறுநாள் திருப்பிக் கொடுத்தான்.

அதன் பிறகு சில வாரம் முற்றத்துப் பக்க அறை ஊமையாக இருந்தது. பிறகு ஒருநாள் அந்த ஸ்பினெட் மறுபடி கேட்டது. சராபாந்துதான். கெர்லிண்டே கையில் இருந்த உருளைக்கிழங்கையும் கத்தியையும் வைத்துவிட்டுச் சுவரருகே போனாள். அவன் தளர்த்தியிருந்தான். சுரக்கூட்டுகளை ஒரே கொத்தாக வைக்காமல் சற்றுச் சிதறவிட்டு, நடுக் குரல் மற்றவற்றுக்கு ஒரு நொடி முந்தி ஒலிக்கும்படி செய்து கொண்டிருந்தான். சத்தம் நீளாத பெட்டியில் அதை நீள்வதுபோல் ஏமாற்றுகிற வித்தை. நன்றாக இருந்தது. அவள் துடைப்பத்தை எடுத்து ஓங்கிச் சுவரில் இடித்தாள்.

"திருடா!"

அந்தப் பக்கம் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது, அதே நடையில்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் ஃபோல்க்மாருக்கு ஒரு அறை வீடு கிடைத்தபோது இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே சாமான்களைப் பிரித்தார்கள். கடைசியில் சூப்புக் கரண்டி மிஞ்சியது. "ஆயுதம் உங்களோடது" என்று அவன் அதை மேசை மேல் வைத்துவிட்டுப் போனான்.

வீடு முழுக்க அவளுக்கானது. ஆனால் ஒரு மாதம் கழித்து அவளுக்கே தெரிந்தது: நடை மெல்ல மெல்ல மறுபடி தளர்கிறது. எதிர்ப்பக்கம் யாரும் தட்டாத அறையில் கை தன் பழைய மடிக்கே போகப் பார்த்தது. சரியான நடையைப் பிடிக்க அவள் ஜன்னலோரம் கப்பும் தட்டுமாக உட்கார்ந்திருந்த அந்த முகத்தை நினைக்க வேண்டியிருந்தது. எரிச்சல் வந்தால்தான் கை சரியாக வந்தது. அதற்காகவும் அவனைத் திட்டினாள்.

மாவட்ட இளைஞர் இசைப் போட்டிக்கு நடுவர்களாக இருவரையும் போட்டார்கள். தலைவர் இசைப் பள்ளி இயக்குநர் புசே; அவர் டிராம்போன்காரர், நல்ல மனிதர், சண்டைக்குப் பயந்தவர். மேசையில் நடுவில் அவர் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் ஒரு நாற்காலியைக் காலியாக விடச் சொன்னார்.

உல்ரிக்கே என்ற பெண், காட்டுப் பக்கத்து ஊரிலிருந்து வந்தவள். பள்ளி இறுதி வகுப்பு. பின்னல் ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது. உட்கார்ந்து, சராபாந்தைத் தொடங்கினாள்.

கெர்லிண்டேயின் கழுத்து விறைத்தது. அதே நடை. ராம்தோர் வீட்டில் அவள் கண்டெடுத்தாளே, அதே மயிரிழைத் தளர்வு. பெடல் இல்லை, கட்டைகளை விரலால் பிடித்து வைக்கிற முறை, நடுக் குரல் தெளிவாக மேலே. தான் யாருக்கும் சொல்லிக் கொடுக்காத வித்தை. அப்படியானால் இவள் ஃபோல்க்மாரின் ரகசிய மாணவி. தன்னுடையதைத் திருடி, இந்தப் பிள்ளைக்கு ஊட்டி, தன் மூஞ்சியிலேயே வீச அனுப்பியிருக்கிறான். அவள் பென்சிலை அழுத்தி, இருப்பதிலேயே குறைந்த மதிப்பெண்ணைப் போட்டாள்.

புசே இரண்டு சீட்டையும் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியலை. அந்தப் பொண்ணு வாசிச்சப்ப நான் சளியைச் சிந்தக்கூட மறந்துட்டேன். நீங்க ரெண்டு பேரும் கடைசி இடம் போட்டிருக்கீங்க. ஒரு விஷயத்துல நீங்க ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை. ஏன்?"

"அவரையே கேளுங்க. அவரு மாணவிதானே?" என்றாள் கெர்லிண்டே.

"என் மாணவியா?" ஃபோல்க்மார் எழுந்தே விட்டான். "இந்த அம்மா ஒளிச்சு வச்சுப் பழக்கினது! அந்த விரல் பிடி யாரோடது? ஊருக்கே தெரியும்."

புசே அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார். தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து அவள் பாவாடையைப் பிடித்தபடி நின்றாள். அவள் இருவரையும் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியையிடம்தான் படிக்கிறாள். அந்த அம்மாவுக்குக் கிட்டார்தான் வரும்.

"அப்படின்னா இந்த நடையை யார் சொல்லிக் கொடுத்தா?" என்று கெர்லிண்டே கேட்டாள். அவள் குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது.

"யாரும் இல்லைங்க. எங்க வீட்டுப் பியானோல பெடல் உடைஞ்சு போச்சு. அப்பா சரி பண்றேன் சரி பண்றேன்னு சொல்லிட்டே இருக்காரு. மெதுவா வாசிச்சா நடுவுல சத்தம் அத்துப் போகுது. அதனால விரலாலயே பிடிச்சு வச்சேன். கொஞ்சம் வேகமா வச்சா தொடுது. ரொம்ப வேகமா வச்சா கூடப் பாட முடியலை, மூச்சு வாங்குது. பாட முடியற இடத்துல நிறுத்திக்கிட்டேன்." அவள் தயங்கினாள். "தப்பாங்க?"

கெர்லிண்டே தன் சீட்டை இழுத்து, போட்ட எண்ணை அடித்துவிட்டு, முதலிடத்துக்கான எண்ணை எழுதினாள். "தப்பு என்னோடது" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். "நீ வாசிச்சதைக் கேக்கலை. வேற ஒருத்தரைக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

புசே ஃபோல்க்மாரைப் பார்த்தார். அவன் காது சிவந்திருந்தது. சீட்டு அவன் விரலுக்கு அடியில் இருந்தது.

"இந்த அம்மா மாத்தினதும் நானும் மாத்தினா, அவங்க சொல்லி மாத்தினேன்னு ஆகும்" என்றான் மெதுவாக.

"அந்தப் பிள்ளை நின்னுக்கிட்டிருக்கா, ஃபோல்க்மார்" என்றாள் கெர்லிண்டே.

"தெரியுது." ஆனால் விரலை எடுக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இரண்டாமிடம்தான் கிடைத்தது; முதலிடம் உரத்து வாசித்த ஒரு பையனுக்குப் போயிற்று. வாசலில் கெர்லிண்டே ஃபோல்க்மாரை நிறுத்தினாள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி, கோழை என்றாள். மனைவியைப் பத்திரிகையில் கிழிக்கத் தைரியம் இருக்கிறது, ஒரு எண்ணை அடித்துத் திருத்தத் தைரியம் இல்லை என்றாள். அவன் பஸ்ஸில் ஏறவில்லை. மழையில் நடந்தே போனான்.

அதற்குப் பிறகு அவள் நடுவர் மேசையில் உட்கார மறுத்துவிட்டாள். தன் மாணவர்களிடம் வேகத்தைச் சொல்லித் தருவதையும் நிறுத்தினாள். கூடத்தில் கையைத் தட்டிப் பார், கூடவே பாடிப் பார், எழுந்து நடந்து பார், எங்கே இடிக்கிறது என்று நீயே வந்து சொல் என்பாள். சரியாகச் சொன்னால் பாராட்ட மாட்டாள். அடுத்த பக்கத்தைப் புரட்டுவாள். கடுமையான டீச்சர் என்றுதான் ஊரில் பெயர். உல்ரிக்கே ஜெரா நகரில் பல் மருத்துவர் ஆனதாகவும் வீட்டில் இன்னும் வாசிப்பதாகவும் யாரோ சொன்னார்கள்.

ஃபோல்க்மார் தேவாலயத்தில் கச்சேரி வைத்தால் கெர்லிண்டே தவறாமல் போய் முதல் வரிசையில், கைகளைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். அவள் வாசித்தால் அவன் வருவான். கதவருகே நிற்பான், முடிவதற்குச் சற்று முன் போய்விடுவான். இருவரும் ஒரு வணக்கம்கூடச் சொல்லிக் கொள்வதில்லை. பத்திரிகையில் அவளைப் பற்றி அவன் அதற்குப் பிறகும் எழுதினான், நல்லதாக ஒருமுறைகூட இல்லை. அவள் ஒவ்வொன்றையும் ரொட்டிக் கடையிலேயே நின்று படித்தாள்.

ஒரு அக்டோபர் காலை, தெருவில் கொட்டிக் கிடந்த கரியை நிலவறைக்கு அள்ளிக் கொண்டிருந்தபோது ஃப்ராவ் நெட்டல்பெக் வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா. ஊர்ல எல்லாரும் சொல்றாங்க, உங்களுக்குள்ள இன்னும் பிரியம் இருக்குன்னு. இல்லாட்டி ஒருத்தர் வாசிக்கிறதை ஒருத்தர் எதுக்கு விடாமப் போய்க் கேக்கறது?"

கெர்லிண்டே மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். முகமெல்லாம் கரித்தூள்.

"பிரியமா? எனக்கு அந்த ஆளைக் கண்ணுல கண்டா ஆகாது. அந்தப் பொண்ணுக்குச் செஞ்சதைச் சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனா நான் எங்கே தப்பு பண்றேன்னு காதாலேயே கண்டுபிடிக்கிறவன் இந்த ஊர்ல அவன் ஒருத்தன்தான். அதனாலயும்தான் அவனைப் பிடிக்கலை."

"அது சரி" என்றாள் ஃப்ராவ் நெட்டல்பெக். "மழை வர்ற மாதிரி இருக்கு. கரி நனையறதுக்குள்ள அள்ளுங்க."